டியூப் அக்கா பிடித்த மட்டம்

அன்றைக்கு அந்த இடத்தில் நின்ற ஆட்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுப்பர்வைசர். சிங்கள ஆள். தமிழ் விளங்கும். பிழை பிழையாகக் கதைக்கவும் செய்வார்.

பெக்கோ ஓட்டுகிறவர். மண் வெட்டும் மிஷின் அவருடையது. களனிப் பக்கம். எங்களுக்குப் புது ஆள். கையில் எந்நேரமும் ஃபோன்.

லொறி நானா. முஸ்லிம் ஆள். செம்மண் கொண்டுவருகிறவர். பல வருசப் பழக்கம்.

நான். றோலர் இழுக்கிறவன்.

டியூப் அக்கா.

வேறு யாரும் இல்லை. மழை விட்டு வெயில் ஏறின காலை. பதித்த புல்லைச் சுருட்டி ஒரு பக்கம் போட்டிருந்தோம். புல் இருந்த இடத்துக்குக் கீழே அக்காவின் பிள்ளை கிடந்தது. அங்கே நின்றவர்களில் அது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அக்காவின் பெயரை எழுதவில்லை. வேலையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. டியூப் அக்கா, அவ்வளவுதான். நாங்கள் அக்காவை ‘அது’ என்றுதான் சொல்வோம். மரியாதைக் குறைவு இல்லை. வீட்டு ஆளைச் சொல்வது மாதிரி.

எங்கள் வேலை புல் பதிப்பது. கேட்கிறவர்கள் லேசான வேலை என்று நினைப்பார்கள். புல் பதிப்பது கடைசி நாள் வேலை. அதற்கு முந்தி நிலத்தைச் சரிப்படுத்த வேண்டும். கொழும்பில் சும்மா மண் கிடையாது. வீடு உடைத்த இடம், இல்லாவிட்டால் மாடி கட்டி முடித்த இடம். மேலே கொஞ்சம் மண் இருக்கும். கீழே செங்கல், சீமெந்துக் கட்டி, கம்பி, டைல்ஸ் துண்டு, போத்தல் ஓடு. அலவாங்கு போட்டு நெம்ப வேண்டும். கொத்திக் கல் பொறுக்க வேண்டும். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, செம்மண் பரப்பி, றேக் போட்டு இழுத்து, றோலர் உருட்டி, அதற்குப் பிறகுதான் புல்.

எது மேடு எது பள்ளம் என்று சொல்வது அக்கா. அக்காவிடம் ஒரு பிளாஸ்டிக் டியூப் இருந்தது. சுண்டுவிரல் தடிப்பு. உள்ளே இருப்பது வெளியே தெரியும். வளவின் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்கு எட்டும். அதற்குள் தண்ணி. ஒரு முனையை அக்கா பிடிக்கும், மறு முனையை நான் பிடிப்பேன். இரண்டு பக்கமும் தண்ணி ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அந்த உயரத்துக்கு முளைக்கட்டையில் கோடு போடுவோம். கோட்டில் இருந்து கீழே அளந்தால், அந்த இடம் வெட்டா நிரப்பா என்று தெரிந்துவிடும்.

வெட்டுகிற இடத்தை ஒரு மண்வெட்டி ஆழம் கொத்துவோம். நிரப்புகிற இடத்தைக் கொத்தமாட்டோம். மண்ணைக் கொட்டி மூடிவிடுவோம்.

டியூபுக்குள் காற்றுக் குமிழி நின்றால் எல்லாம் பிழை. குமிழி இருக்கிற பக்கம் தண்ணி கூட ஏறி நிற்கும். இல்லாத உயரத்தைக் காட்டும். அதனால் தண்ணி நிரப்பின உடனே அக்கா டியூபை வெயிலுக்குப் பிடித்து, விரலால் சுண்டிக்கொண்டே ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு நடக்கும்.

“குமிழி பாத்தியா?”

“பாத்தேன்.”

“திரும்ப பாரு.”

காலையில் எப்படி இருக்கிறாய் என்று கேட்காது. சாப்பிட்டாயா என்று கேட்காது. இதுதான் பேச்சு.

நானாவுக்கு அக்காவைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

“ஏன் புள்ள, விடியக்காத்தாலயே பாம்பு புடிக்கிறியா?”

அக்கா டியூபைச் சுண்டிக்கொண்டே நடக்கும்.

“எண்ட லொறி நேரா நிக்கிதா? பாத்துச் சொல்லு.”

அக்கா திரும்பி ஒரு பார்வை பார்க்கும். “பின் டயர்ல காத்து பத்தாது நானா.”

நானா போய் உதைத்துப் பார்ப்பார். காற்று குறைவாகத்தான் இருக்கும்.

“எல்லாரையும் மட்டம் தட்டுறதே ஒனக்கு வேல.”

“நான் மண்ணத்தான் தட்டுறேன்.”

“இவ மௌத்தாகினா கபுருக்குள்ளயும் டியூப் கேப்பா.”

செத்தால் புதைகுழியிலும் டியூப் கேட்குமாம். அக்கா சிரிக்காது. அடுத்த முளையை அடிக்கும்.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் ஒரு வீடு. வெளிநாட்டில் இருந்து வந்து நின்ற அம்மா ஒருவர். முன் வளவுக்குப் புல். பக்கத்து வீட்டோடு அவருக்குக் கோபம். அக்காவிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

“தங்கச்சி, ஒரு இஞ்சி அங்கால சரிச்சு விடுங்கோ. மழைத் தண்ணி அவையின்ர பக்கம் போகட்டும்.”

“ஏலாதும்மா.”

“ஏன் ஏலாது?”

“டியூப்ல ரோட்டுப் பக்கம்தான் காட்டுது.”

“டியூப்போ உங்களுக்குச் சம்பளம் தாறது?”

அக்கா டியூபில் இருந்த தண்ணியைக் கொட்டியது. டியூபைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய் கேற்றுக்கு வெளியே குந்தியது. சுப்பர்வைசர் வந்தார். கெஞ்சிப் பார்த்தார். பிறகு தானே கண் பார்வையில் கயிறு கட்டி அந்த ஒரு அங்குலம் சரித்துவிட்டார். அம்மாவுக்குச் சந்தோசம். எல்லாருக்கும் சோடா வாங்கித் தந்தார். அக்கா குடிக்கவில்லை. அந்தப் புல் நல்லாத்தான் வந்தது.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன்.

“ஒரு இஞ்சிதானே அக்கா. விட்டுருக்கலாமே.”

“கைல புடிச்சிக்கிட்டு எப்பிடிப் பொய் சொல்றது?”



இன்னொரு பழக்கமும் இருந்தது. புல் போடுவதற்கு முந்தின நாள் செருப்பைக் கழற்றிவிட்டு நிலம் முழுவதும் நடக்கும். கால் தேய்த்துத் தேய்த்து நடக்கும். தெஹிவளையில் ஒரு மாடிக் கட்டடத்துக்குக் கீழே பிள்ளைகள் விளையாடும் இடம் செய்தோம். அங்கே அக்காவின் உள்ளங்காலில் போத்தல் ஓடு ஏறியது. ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுப்பர்வைசருக்குக் கோபம்.

“அக்கே, பூட்ஸ் குடுத்திருக்குத்தானே. ஏன் போடல்ல?”

“பூட்ஸுக்குத் தெரியாது சேர்.”

“கால் வெட்டுதே.”

“என் கால்தானே.”

அவர் தலையில் கை வைத்தார். அடுத்த வேலையிலும் அக்கா வெறுங்காலோடுதான் நடந்தது.

அக்கா இருந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில். கொழும்பில் தோட்டம் என்றால் பூவும் மரமும் இல்லை. ஒரு ஒடுக்கமான ஒழுங்கை. இரண்டு பக்கமும் தகரமும் பலகையும் சீமெந்துமாக ஒட்டி ஒட்டி வீடுகள். ரோட்டுப் பக்கத்து வாசலில் எல்லாருக்கும் ஒரு குழாய். அக்காவின் வீடு முதல் வீடு. குழாயடி.

பிறகு அந்தத் தோட்டத்தை எடுத்தார்கள். ஆட்களை மாடி வீடுகளுக்கு ஏற்றினார்கள். அக்காவுக்கு ஒன்பதாம் மாடி. புருசன் அதற்கு முந்தியே செத்துவிட்டார். சாமான் தூக்க நான் போனேன். பானை சட்டி இறக்குவதற்கு முதல் அக்கா ஒரு கோப்பைத் தண்ணியை நிலத்தில் ஊற்றிப் பார்த்தது. தண்ணி மெதுவாக ஜன்னல் பக்கம் ஓடியது.

“சரிவா கட்டியிருக்கான்.”

கட்டிலின் இரண்டு காலுக்குக் கீழே டைல்ஸ் துண்டு வைத்தது. மேசைக்கும் வைத்தது. ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுக்கவே இல்லை.

நான் சொல்லவரும் விசயமெல்லாம் முடிந்த பிறகு அக்கா செத்ததும் அங்கேதான். லிஃப்ட் உடைந்து கிடந்த கிழமை அக்காவுக்கு மூச்சு முட்டியது. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் கதிரையில் இருத்திப் படியால் இறக்கினோம். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் “சரியுது” என்றது. கதிரையை நிமிர்த்திப் பிடித்தோம். கீழே வந்தபோது உயிர் இல்லை.

பிள்ளை விசயம் எனக்குத் தெரிய வந்தது இப்படி.

என் மனுசிக்கு ஆறாம் மாசத்தில் வயிற்றுப் பிள்ளை போய்விட்டது. பிள்ளையை எங்களுக்குக் காட்டவில்லை. கேட்க வேண்டும் என்றும் எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மனுசி யாரோடும் கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தது. ஒரு றாத்தல் பாணும் ஒரு டின் மீனும் கொண்டுவந்தது. மனுசிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தது. தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகுதான் வாய் திறந்தது.

“எனக்கும் ஒண்ணு இருக்கு. பொம்பளப் புள்ள.”

மனுசி நிமிர்ந்து பார்த்தது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

“எங்க அக்கா?”

“குழாயடியில வெச்சிருக்கேன்.”

வெச்சிருந்தேன் என்று சொல்லவில்லை. வெச்சிருக்கேன்.

ஊரடங்கு போட்டிருந்த நாளில் வலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வழி இல்லை. பக்கத்து வீட்டுப் பொம்பளைதான் பிள்ளையை எடுத்தது. பிள்ளை அழவில்லை. மயானத்துக்கும் கொண்டுபோக ஏலாது. ரோட்டில் ஆமி. வீட்டுக்குள் எத்தனை நாள் வைப்பது? புருசன் வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் வைத்து, குழாயடியில் கை எட்டும் மட்டும் தோண்டி உள்ளே இறக்கினார். மேலே ஒரு சீமெந்துக் கல்லைப் போட்டார். அதற்குப் பிறகு அக்கா உடுப்புத் தோய்த்தது அந்தக் கல்லில்தான். தோட்டத்துப் பிள்ளைகள் அதில் ஏறி நின்று குளிக்கும். தள்ளுப்படும். கத்தும். அக்கா ஒன்றையும் விரட்டியதில்லை.

“நின்னு குளிக்கட்டும். சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கட்டும்.”

மனுசி அன்றைக்குத்தான் அழுதது. அக்கா அழவில்லை. பாணை வெட்டித் தட்டில் வைத்துவிட்டுப் போனது.

தோட்டத்தை உடைத்த நிலம் கொஞ்ச நாள் சும்மா கிடந்தது. பிறகு அதில் நடைபாதை போட்டுப் புல் பதிக்கும் வேலை வந்தது. எங்கள் கொந்தராத்துக்காரருக்கே வந்தது. பூங்கா என்று மூன்று மொழியிலும் பலகை நட்டிருந்தார்கள். நானா லொறியை நிற்பாட்டிவிட்டுப் பலகையை வாசித்தார்.

“தோட்டத்த ஒடச்சுத் தோட்டம் போடுறானுகள்.”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா அங்கே இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். சுப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

“அக்கே, மனசு கஷ்டம் எண்டா வேற சைட் போங்க. நான் ஆள் போடுறன்.”

“இல்ல சேர். இங்கயே பாக்குறேன்.”

நாங்கள் போவதற்கு முந்தியே ஒரு மிஷின் எல்லாவற்றையும் வழித்துவிட்டது. வீடு இல்லை, குழாய் இல்லை, கல்லும் இல்லை. அக்கா ரோட்டில் இருந்த கரண்ட் போஸ்டைப் பார்த்தது. எதிர்க்கடைப் படியைப் பார்த்தது. கொஞ்சம் தள்ளி நின்றது, திரும்பவும் தள்ளி நின்றது. ஒரு இடத்தில் செருப்பைக் கழற்றியது. அங்கேதான். மேல் மண் எவ்வளவு போனது, பிள்ளைக்கு மேலே எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது.

பிளான்படி நிலம் பின் மதிலில் இருந்து ரோட்டுக் கானுக்குச் சரிய வேண்டும். மழைத் தண்ணி கானில் விழ வேண்டும். குழாயடி ரோட்டுப் பக்கம். அந்த இடம் மேடு. மேடு என்றால் வெட்டு. வெட்டினால் கொத்த வேண்டும்.

டியூபுக்குத் தண்ணி நிரப்பினோம். அக்கா வழமை போல் சுண்டிக்கொண்டு நடந்தது. என் முனை சரி. அக்கா குழாயடியில் போய் நின்று தன் முனையைத் தூக்கிப் பிடித்தது. அதன் கைக்குக் கீழே, நாலு விரல் நீளத்துக்கு ஒரு குமிழி நின்றது. வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அக்கா பார்த்தது.

“குமிழி பாத்தியா?”

“பாத்தேன்.”

திரும்ப பார் என்று சொல்லவில்லை.

“அப்ப கோடு போடு.”

முளையில் கோடு போட்டேன். அந்தக் கோட்டின்படி குழாயடி பள்ளம். கொத்தவில்லை. நானா கொண்டுவந்த செம்மண்ணைக் கொட்டி மூடினோம். றோலரை நான் இழுத்தேன். அந்த இடத்தில் மெதுவாக இழுத்தேன்.

புல் பிடித்தது. அந்த நாட்களில் அக்கா கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. மத்தியானச் சோற்றை அந்தப் புல்லில் இருந்து சாப்பிட்டது. ஒரு நாள் நானா கேட்காமலே, “நானா, இன்னைக்கு லொறி நேரா நிக்குது” என்றது. நானா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“இவக்குக் காச்சல் கீச்சல் ஈக்கிதா?”

அக்கா சிரித்தது. நான் பார்த்த சிரிப்பு அதுதான்.

பிறகு மழை. இரவு பகலாகக் கொட்டியது. தண்ணி கானுக்குப் போகவில்லை. குழாயடி மேடு மறித்தது. பின் மதிலோரம் குளமாக நின்றது. அடுத்த கிழமை பெரிய ஆள் ஒருவர் வந்து பூங்காவைத் திறந்து வைக்க ஏற்பாடு. கம்பனியில் இருந்து மட்டம் பார்க்கிற மூன்று கால் மிஷின் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். மேடு பிடிபட்டது.

சுப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனுசன். சத்தம் போடவில்லை.

“அக்கே, இங்க டியூப் புடிச்சது யாரு?”

“நான்.”

“மட்டம் வெரதி. உங்களுக்கு எப்பிடி வெரதி வாறது?”

வெரதி என்றால் பிழை. அக்காவுக்கு அந்தச் சொல்லை யாரும் அதுவரைக்கும் சொன்னதில்லை.

“குமிழி இருந்திருக்கும் சேர்.”

அவர் நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது. ஆனால் மேலே கேட்கவில்லை.

“நாளைக்கு பெக்கோ வரும். புல் எடுங்க. ரெண்டு அடி வெட்டி பைப் போடணும்.”

பெக்கோ காலையிலேயே வந்துவிட்டது. புல்லைச் சுருட்டினோம். மிஷின் ஸ்டார்ட் பண்ணி நின்றது. அக்கா சுப்பர்வைசருக்கு முன்னால் போய் நின்றது.

“சேர், இந்த எடத்த நான் கையால வெட்டுறேன்.”

“ஏன்?”

“நான் கெடுத்தது. நானே எடுக்குறேன்.”

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“தேத்தண்ணி வரைக்கும். பிறகு மிஷின்.”

அக்கா மண்வெட்டியை எடுக்கவில்லை. மேசன் கரண்டியும் கையும். நான் பக்கத்தில் குந்தினேன். நாங்கள் போட்ட செம்மண் லேசாக வந்தது. அதற்குக் கீழே தோட்டத்து மண். கறுப்பு. சேட்டுப் பொத்தான் வந்தது. பற்பசை மூடி வந்தது. மீன் முள், கோழி எலும்பு, சிப்பி. அத்தனை வீட்டு ஆட்களும் வருசக்கணக்காகத் தின்று எறிந்தது. கொஞ்சம் போகத் துரு வந்தது. தகரம் இல்லை. தகரம் இருந்த இடத்துத் துரு. தொட்டால் பொடி. செம்மண்ணுக்குக் கீழே ஒரு மண்வெட்டி ஆழம்கூட இல்லை.

துருவுக்குள் சின்னச் சின்ன எலும்பு. மிஷின் வழித்தபோது மண் புரண்டிருக்கிறது. கோழியும் பிள்ளையும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. நான் ஒன்றை எடுத்துக் காட்டினேன்.

“இது எது அக்கா?”

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தது. விரலால் தடவிப் பார்த்தது.

“தெரியல்ல.”

இன்னொன்று காட்டினேன். அதையும் பார்த்தது.

“தெரியல்ல. எல்லாத்தையும் எடு.”

பெக்கோக்காரர் இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். இது மனுச எலும்பு மாதிரி இருக்கு, பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். ஃபோனைத் தட்டத் தொடங்கினார்.

பொலிஸ் வந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மஞ்சள் ரிப்பன் கட்டுவார்கள். பிறகு கோர்ட். எலும்பைப் பொலித்தீன் பையில் போட்டு, இலக்கம் ஒட்டி, எங்கேயோ ஒரு அறையில் வைப்பார்கள். திரும்பக் கேட்க அக்காவிடம் என்ன இருக்கிறது? பிறந்த பதிவும் இல்லை, செத்த பதிவும் இல்லை.

சுப்பர்வைசர் வந்தார். குழியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

“மொனவத அக்கே?”

என்ன இது என்று கேட்டார். அக்கா எழும்பவில்லை. நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தது.

“கோழி.”

“நல்லாப் பாருங்க.”

“இது எங்க குழாயடி சேர். நான் தின்னு போட்ட கோழி. எனக்குத் தெரியாதா?”

நானா மறுபக்கம் திரும்பி நின்றார். பெக்கோ மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. சுப்பர்வைசர் குனிந்து துருவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ஹரி,” என்றார், சரி என்று சிங்களத்தில். “கோழி.”

பெக்கோக்காரரிடம் ஃபோனை உள்ளே வைக்கச் சொன்னார். அவர் ஏதோ சொல்ல வந்தார். சுப்பர்வைசர் கையைக் காட்டினார். பெக்கோக்காரர் போய் மிஷினில் ஏறினார்.

“கோழி எலும்பு எதுக்கு அக்கே?”

“நாய்க்கு.”

அவர் தலையை ஆட்டினார். “ஒண்டும் விடாம எடுங்க. நான் மிஷின நிப்பாட்டச் சொல்றன்.”

அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தது. சோற்றை என் பெட்டியில் கொட்டியது. பெட்டியைக் கழுவிவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உள்ளே விரித்தது. ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணை ஊதி, துண்டில் வைத்தது. எதையும் ஒதுக்கவில்லை. பெரிய கோழிக் கால் எலும்பு, சந்தேகமே இல்லாதது, அதையும் வைத்தது. வைக்கும்போது வாய்க்குள் எண்ணியது. பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

பெட்டியை மூடியபோது நாற்பத்தொன்று.